கடலுக்கு அருகே புதுப்பித்த பழைய வீடு: பூச்சுக்குப் பின்னால் பார்க்க வேண்டியவை

சென்னையின் நீலாங்கரையில் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் தொலைவில் இருந்த ஒரு தனிவீட்டைப் பார்த்துச் சொல்லும்படி, பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதியர் சில ஆண்டுகளுக்கு முன் என்னை அழைத்தார்கள். 1992-இல் கட்டிய வீடு. விற்பவர் அதை வாங்கி ஆறு மாதம் வேலை செய்து, தரைக்கு இத்தாலியப் பளிங்கும், சமையலறைக்கு மாடுலர் அலமாரிகளும், கூடம் முழுவதும் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கும் போட்டுப் புதுவீடு போலவே நிறுத்தியிருந்தார். சீலிங்கில் பதித்திருந்த சிறு விளக்குகளில் ஒன்றை மட்டும் கழற்றித் தரும்படி எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். அந்தத் துளை வழியாகக் கைப்பேசியை டார்ச்சுடன் உள்ளே நுழைத்து எடுத்த காணொளியில், பழைய தளத்தின் அடிப்பக்கக் கான்கிரீட் பாளம் பாளமாக விழுந்திருப்பதும், கம்பிகள் துருவேறி ஏடு ஏடாகப் பிரிந்திருப்பதும், அவற்றின் மேல் சிவப்பு பிரைமரை ஒரு கை அடித்து அப்படியே மூடியிருப்பதும் தெளிவாகத் தெரிந்தன. அந்த அம்மா காணொளியை இரண்டு முறை பார்த்துவிட்டு, "முன்பணம் கொடுத்துவிட்டோமே" என்றார்.

திருவான்மியூர் முதல் முட்டுக்காடு வரையிலும், மேற்கே வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளிலும் பழைய கட்டடங்களைச் சோதித்துப் பழுது பார்ப்பது என் தொழில். புதுப்பித்த வீட்டில் செலவான பணத்தில் பெரும்பகுதி, வாங்க வருபவரின் கண் நிற்கும் இடங்களுக்கே போயிருக்கும் என்பதை இத்தனை ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன். விற்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். "சாதாரண விரிசல்தான் சார், பட்டி பார்த்தால் போய்விடும்" என்று மேஸ்திரி சொன்னதை நம்பியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நீரின் அருகே இருக்கும் வீட்டில், வாங்குபவர் பார்த்தே ஆக வேண்டிய இடங்கள் எவையோ அவையே புதுப்பிக்கும்போது முதலில் மூடப்படுகின்றன.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்பதைச் சற்றே புரிந்துகொண்டால் மற்றவை எளிதாக விளங்கும். நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உருவாக்கி வைக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு பல ஆண்டுகளாக உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடற்காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடோ, காரம் குறையாத நிலையிலேயே அந்தப் படலத்தைத் துளைத்துவிடுகிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்துப் பிளக்கிறது. ஆகவே சீலிங்கில் கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக ஓடும் விரிசலை யாராவது "பூச்சு விரிசல்" என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பழைய வீடுகளுக்கு இதில் இன்னொரு பலவீனமும் உண்டு. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர நெறியான ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டில் திருத்தப்படும் வரை, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்15 தரத்தையே (எண் கூடக் கூட வலிமை கூடும்) அனுமதித்தது. தளங்களில் கம்பிக்குக் கீழே அதை மூடும் கான்கிரீட், அதாவது கவர், 15 மி.மீ. இருந்தால் போதும் என்ற நிலையும் இருந்தது. இன்றைய நெறி, கடலோரச் சூழலுக்கு நேரடியாக வெளிப்படும் கான்கிரீட்டைக் 'கடுமையான' சூழல் என்று வகைப்படுத்தி, குறைந்தது எம்30 தரமும் 45 மி.மீ. கவரும் கேட்கிறது. அந்தக் காலத்தில் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் வைக்கும் பழக்கம் பரவலாக இல்லாததால், கம்பிக்குக் கீழே ஜல்லித் துண்டைச் செருகிவிட்டுக் கான்கிரீட் போட்டார்கள், 10 மி.மீ. கூட இல்லாத இடங்களை நானே அளந்திருக்கிறேன். மனையில் தோண்டிய கிணற்றின் உவர் நீரிலேயே கலவை போட்ட வீடுகளும் உண்டு. கம்பி போடும் கான்கிரீட்டுக்கான கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த விதியை மீறிக் கட்டிய வீட்டுக்கு உப்பு கடற்காற்றில் வந்து சேர வேண்டியதில்லை. பிறக்கும்போதே உள்ளே இருந்திருக்கிறது.

இங்கே பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உப்பேறிய தளத்தில் விழுந்த பகுதியை மட்டும் கொத்தி எடுத்துப் புதிய கலவையால் ஒட்டுப்போட்டால், ஒட்டுப்போட்ட இடத்தில் கம்பி பாதுகாப்பாக இருக்கும். ஆனால் அந்த ஒட்டைச் சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டில் துரு முன்னைவிட வேகமாகக் கிளம்பும். நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் ஒரே கம்பியில் அடுத்தடுத்து அமையும்போது அவற்றுக்கிடையே ஒரு சிறு மின்கலம் போன்ற நிலை உண்டாவதே காரணம். அதனால்தான் "போன வருடம்தானே சார் சரிசெய்தோம்" என்று சொல்லப்படும் சீலிங், இரண்டாம் மழைக்காலத்திலேயே பக்கத்தில் உப்பிக்கொண்டு நிற்கிறது. குளோரைடு எவ்வளவு ஆழம் வரை போயிருக்கிறது என்று பார்க்காமல் செய்த எந்தப் பழுதுபார்ப்பையும் நான் பழுதுபார்ப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை.

சோதனைகள் அச்சப்படும் அளவுக்குப் பெரியவை அல்ல. முதலில் ஒரு சிறு சுத்தியலால் சன்ஷேட், பால்கனியின் அடிப்புறம், மாடிப்படியின் அடிப்புறம், குளியலறைக்குக் கீழே உள்ள தளம், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் சிறு தூண்கள் ஆகிய இடங்களைத் தட்டிப் பாருங்கள்; பொத்தென்ற சத்தம் வந்தால் உள்ளே பிரிந்திருக்கிறது. அடுத்து, துளையிட்ட இடத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் இருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும். காரம் போன பகுதி நிறம் மாறாது. கான்கிரீட் துகளை வெவ்வேறு ஆழங்களில் தனித்தனியாக எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிக் குளோரைடை அளக்கலாம். ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் போனால் தர நெறியின் வரம்பைத் தாண்டியது என்று பொருள். கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப்-செல் சோதனையில், செம்பு சல்பேட் மின்முனையை ஒப்பிட்டு மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டிய எதிர்மதிப்பு கிடைத்தால், அந்த இடத்தில் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்புண்டு. ரீபவுண்ட் ஹேமரை மட்டும் அடித்துவிட்டு "ஸ்ட்ராங்காக இருக்கிறது" என்று எழுதித் தரும் அறிக்கை இந்த இடத்தில் போதாது. அது மேற்பரப்பின் கடினத்தைச் சொல்லுமே தவிர, கம்பியின் நிலையைச் சொல்லாது. வங்கிக் கடனுக்காக வரும் மதிப்பீட்டாளரின் அறிக்கையையும் இதற்கு ஈடாகக் கொள்ளாதீர்கள். அவர் வீட்டின் விலையை மதிப்பிட வருகிறார்.

புதுப்பித்தலே கட்டடத்தைப் பலவீனப்படுத்திய வீடுகளும் உண்டு. 1980-களின் தனிவீடுகளில் பல, தூண் இல்லாமல் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் மேலேயே தளத்தை உட்கார வைத்தவை. கூடத்தையும் சாப்பாட்டு அறையையும் ஒன்றாக்கி விசாலமாகக் காட்டுவதற்காக இடையிலுள்ள சுவரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இரும்பு பீமைக் கொடுத்து, அதையும் ஜிப்சத்தால் மறைத்துவிடுகிறார்கள். அந்த பீமின் இரு முனைகளும் எதன் மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று கேளுங்கள். தரைத்தளத்துக்கு மட்டும் போட்ட அடித்தளத்தின் மேல் புதிதாக ஒரு மாடி ஏறியிருந்தால், கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.

இனிக் கீழிருந்து ஏறும் ஈரம். சுவரில் ஏறும் ஈரத்தை நம்மவர்கள் 'ஓதம்' என்கிறார்கள். கடல் அலைக்கும் அதே பெயர்தான் என்பது கடலோரத்தில் வேலை பார்க்கும் எனக்கு எப்போதும் பொருத்தமாகவே படும். தரையிலிருந்து மூன்று, நான்கு அடி உயரம் வரை மட்டும் சுவரில் டைல்ஸோ, பி.வி.சி. பலகையோ, வால்பேப்பரோ ஒட்டியிருந்தால் அது அலங்காரமாகவும் இருக்கலாம், உப்புப் பூத்த சுவரின் மறைப்பாகவும் இருக்கலாம். அந்த மறைப்பு முடியும் இடத்துக்குச் சற்று மேலே ஈரமானியை வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அடைபட்ட ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். ஸ்விட்ச் போர்டுக்குப் போகும் பழைய வயர்களும் அந்தச் சுவருக்குள்தான் இருக்கின்றன.

கடலை விட்டு மேற்கே நகர்ந்தால் கேள்வி மாறுகிறது. சென்னையின் தென்புறநகர் பெரும்பாலும் ஏரிகளும் கழிவெளி எனப்படும் சதுப்பும் இருந்த நிலம். பழவந்தாங்கல் போன்ற ஊர்ப்பெயர்களில் இருக்கும் 'தாங்கல்' என்பது சிறு ஏரியைக் குறிக்கும் சொல். 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெருமழையில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் நாள்கணக்கில் நீர் நின்றது. 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்தான் சுற்றியுள்ள பல ஏரிகளின் உபரிநீர் போய்ச் சேரும் இடம். ஆகவே, "ஏரி தெரியும் வீடு" என்று விளம்பரம் சொன்னால், அந்த ஏரியின் கலங்கல், அதாவது நிரம்பிய நீர் வழிந்து வெளியேறும் இடம், எந்தப் பக்கம் இருக்கிறது, உபரிநீர் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதை முதலில் கேளுங்கள். இதற்கு வரைபடத்தைவிடத் தெருமுனையில் பல ஆண்டுகளாக இஸ்திரி போடுபவர் நம்பகமானவர். 2015-இலும் 2023-இலும் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று அவர் கையால் காட்டுவார்.

அதோடு, வீட்டின் உள்தரை சாலையின் நடுமட்டத்தைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதால், கட்டும்போது சாலைக்கு மேலே இரண்டடி உயரத்தில் இருந்த வீடுகள் இன்று சாலைக்குச் சமமாகவோ கீழாகவோ இறங்கிவிட்டன. புதுப்பிப்பவர்கள் போர்ட்டிகோவையும் வாசற்படியையும் மட்டும் உயர்த்தி இதை மறைப்பதுண்டு. வாசலில் ஏறி உள்ளே இறங்கும்படி அமைந்த வீடு என்றால் காரணம் இதுதான். ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி, நான்கடி தூக்கும் வேலையும் இங்கே நடக்கிறது. நன்றாகச் செய்தால் பயனுள்ளதே. ஆனால் துருவேறிய கம்பியுள்ள வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கேட்கவும் மறவாதீர்கள். வெள்ளத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஆவணங்களை உங்கள் வழக்கறிஞர் பார்ப்பார் என்பதால் நீரை ஒட்டியவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பாணை முதலில் 1991-இல் வந்தது. பின்னர் 2011-இலும் 2019-இலும் புதிய அறிவிப்பாணைகள் வந்தன. கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லையான உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலப்பகுதிக்கும், கடலின் ஏற்றவற்றம் எட்டும் கால்வாய், கழிமுகக் கரைகளுக்கும் அது பொருந்தும். வளர்ச்சி தடை செய்யப்பட்ட பகுதியில், முறையான அனுமதியுடன் ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழைய பரப்பளவுக்குள் பழுது பார்க்கவோ மீண்டும் கட்டவோதான் இடமுண்டு. எனவே, வீடு 1991-க்கு முந்தியதா பிந்தியதா, அனுமதியை யார் கொடுத்தார்கள், இன்றிருக்கும் பரப்பு அந்த அனுமதியோடு பொருந்துகிறதா என்ற மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் போன்ற ஊர்கள் 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன என்பதால், பழைய வீடுகளுக்குப் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற ஒரு தாள் மட்டும் இருப்பது வழக்கம். ஏரியோரம் என்றால் பட்டாவோடு நிற்காமல், நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்து, சர்வே எண்ணோ அதை ஒட்டிய உட்பிரிவோ நீர்நிலைப் புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-இல் இயற்றிய தனிச் சட்டமே இருக்கிறது; வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் அதற்கு எதிரே நிற்காது.

நீலாங்கரை வீட்டுக்கு வருவோம். விற்பவரிடம் நேரடியாகப் பேசி, கூடத்திலும் இரண்டு படுக்கையறைகளிலும் சீலிங்கை இரண்டடிக்கு இரண்டடி வெட்டித் திறக்க அனுமதி கேட்டோம். முதலில் மறுத்தவர், காணொளியைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். சோதனையில் கூடத்தின் தளமும் கிழக்குப் பக்கத்து பால்கனியும் காப்பாற்ற முடியாத நிலையில் இருந்தன. மற்ற தளங்களும் தூண்களும் தேறின. அந்த இரண்டையும் இடித்து மீண்டும் போடுவதற்கான மதிப்பீட்டைத் தயாரித்து, அந்தத் தொகையை விலையில் கழித்து, வேலை முடியும் வரை குடிபுகுவதில்லை என்ற முடிவோடுதான் தம்பதியர் கிரயம் செய்தார்கள். ஒப்பந்தத்தில் எழுதாமலே கொடுத்த அந்த முன்பணத்தை விலையில் சேர்க்க வைப்பதற்கு மட்டும் இரண்டு மாதம் பேச வேண்டியிருந்தது. இப்போது என்னிடம் வருபவர்களிடம், கட்டமைப்புச் சோதனைக்கு அனுமதி உண்டு என்றும், பெரிய குறை தெரியவந்தால் முழு முன்பணமும் திரும்ப வேண்டும் என்றும் விற்பனை ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதிய பிறகே பணத்தைக் கையில் எடுக்கச் சொல்கிறேன்.