ஒரே போர்ட், இரண்டு வேடம்

போனில் ஓடிஜி கேபிளை (பென் டிரைவ், கீபோர்ட் போன்றவற்றைப் போனோடு இணைக்க உதவும் யூஎஸ்பி கேபிள்) செருகிப் பென் டிரைவைத் திறந்தால் போன் கணினி மாதிரி நடந்துகொள்கிறது. அதே போனை லேப்டாப்பில் செருகினால் அதுவே ஒரு பென் டிரைவ் மாதிரி அடங்கிவிடுகிறது. போர்ட் ஒன்றுதான், உள்ளே இருக்கும் சிப்பும் ஒன்றுதான். வேடம் மட்டும் மாறுகிறது. போன்களில் இதையெல்லாம் தயாரிப்பாளரே பார்த்துக்கொள்வதால் நாம் யோசிப்பதில்லை. ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு சிறு கணினி போர்டுக்கு லினக்ஸ் கர்னலை (வன்பொருளை இயக்கும் மையப் பகுதியை) நாமே கம்பைல் செய்ய, அதாவது மூல நிரலிலிருந்து உருவாக்க, உட்கார்ந்தால்தான் இந்த வேடத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியே வரும்.

யூஎஸ்பி-யில் சமத்துவம் கிடையாது. கணினி மாதிரி வழிநடத்தும் பக்கம் ஹோஸ்ட், பென் டிரைவ் மாதிரி அடங்கும் பக்கம் டிவைஸ். ஹோஸ்ட் கேட்கும், டிவைஸ் பதில் சொல்லும். கீபோர்டில் விசையை அழுத்தினாலும், ஹோஸ்ட் அடுத்த முறை கேட்கிறவரை அந்த எழுத்து கீபோர்டிலேயே காத்திருக்கும். மின்கம்பி அளவிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. யூஎஸ்பி 2 வரையிலான ஹோஸ்ட் தன் இரண்டு தரவுக் கம்பிகளையும் 15 கிலோஓம் ரெசிஸ்டர்களால் கிரவுண்டை நோக்கி இழுத்து வைத்திருக்கும். டிவைஸ் செருகப்பட்டதும் ஒரு கம்பியை 1.5 கிலோஓம் ரெசிஸ்டரால் மேலே இழுக்கும். அப்படி ஏறுவதை வைத்துத்தான் யாரோ வந்திருப்பது ஹோஸ்டுக்குத் தெரியும். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பார்கள். இரண்டு ஹோஸ்ட்களை ஒரே கேபிளில் கட்டினாலும் அதே கதைதான், ஆனால் சண்டை எதுவும் நடக்காது. கம்பியை மேலே இழுக்க ஆள் இல்லாததால் இரண்டும் சும்மா இருக்கும், பிழைச் செய்தியும் வராது. பின்னால் வரும் தலைவலிக்கு இதுதான் வேர்.

இந்த இரண்டு வேலைக்கான சுற்றுகளும் ஒரே சிப்பில் இருந்தால் அது இரட்டை வேடக் கன்ட்ரோலர். ராஸ்பெர்ரி பை ஜீரோவில் இருப்பது சினாப்சிஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. அதை இயக்கும் லினக்ஸ் நிரலான டிரைவரின் பெயர் டிடபிள்யூசி2. வேடத்தைக் கேபிளைப் பார்த்து முடிவு செய்யும் வழியை 2001-இல் வந்த ஓடிஜி விதிகள் வகுத்தன. மைக்ரோ யூஎஸ்பி-யின் ஐந்து ஊசிகளில் நான்காவது ஐடி ஊசி. கேபிளுக்குள் அதை கிரவுண்டோடு இணைத்திருந்தால் ஹோஸ்ட், எதோடும் சேராமல் விட்டிருந்தால் டிவைஸ். கடையில் ஓடிஜி கேபிள் என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் ரகசியம் முழுவதும் இந்த ஒரு இணைப்புதான்.

ஆனால் ஐடி ஊசி சொல்வதை டிரைவர் கேட்டாக வேண்டும் என்று கட்டாயமில்லை. அதற்கு முன்பே இரண்டு இடங்களில் பேச்சு முடிந்திருக்கலாம்.

முதல் இடம், கர்னலின் கம்பைல் மெனு. டிடபிள்யூசி2-க்கு அங்கே மூன்று தேர்வுகள்: ஹோஸ்ட் மட்டும், டிவைஸ் மட்டும், இரண்டும். பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது. சிக்கல், ஒவ்வொரு பகுதியையும் கர்னலுக்குள்ளேயே சேர்க்கிறோமா, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் தனி மாட்யூலாக விடுகிறோமா என்பதில் இருக்கிறது. டிவைஸ் வேடத்துக்கு கேட்ஜெட் என்ற தனிப் பகுதி தேவை. டிடபிள்யூசி2-ஐ உள்ளேயே சேர்த்துவிட்டு கேட்ஜெட்டை மட்டும் மாட்யூலாக விட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்னலுக்குள் இருக்கும் நிரல், இன்னும் ஏற்றப்படாத மாட்யூலின் செயல்பாடுகளை நேரடியாக அழைக்க முடியாது. அதனால் ‘இரண்டும்’ என்ற வரி மெனுவிலிருந்தே மறைந்துவிடும், ‘டிவைஸ் மட்டும்’ என்பதும் கூடவே போய்விடும். யூஎஸ்பி ஹோஸ்ட் பகுதி உள்ளேயே இருந்தால் மிஞ்சுவது ‘ஹோஸ்ட் மட்டும்’. கம்பைல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடியும். தீர்வு: கேட்ஜெட்டையும் ஹோஸ்ட் பகுதியையும் உள்ளே சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் டிடபிள்யூசி2-ஐ மாட்யூலாக்கிவிடுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மாட்யூலைக் கழற்றி மறுபடி ஏற்றிப் பார்க்கலாம், ஒவ்வொரு முறையும் போர்டை ரீபூட் செய்யத் தேவையில்லை.

இரண்டாவது இடம், டிவைஸ் ட்ரீ. போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் விவரக் கோப்பு அது. அதில் டிஆர்_மோடு என்ற பண்புக்கு ஹோஸ்ட், பெரிஃபெரல், ஓடிஜி என மூன்றில் ஒரு மதிப்பைத் தரலாம். ராஸ்பெர்ரி பை-யில் இந்தக் கோப்பைத் தொடவே வேண்டாம், கான்ஃபிக் கோப்பில் டிடபிள்யூசி2 ஓவர்லேயை (டிவைஸ் ட்ரீயின் மேல் பொருத்தப்படும் திருத்தத்தை) ஒரு வரியில் சேர்த்தால் போதும். பை 4-இல் டைப்-சி போர்ட்டை டிவைஸாக்க வேண்டுமென்றால் பெரிஃபெரல் என்று வெளிப்படையாகவே எழுதிவிடுவது நல்லது. டைப்-சி-யில் ஐடி ஊசியே கிடையாது. வேடத்தை அதற்குப் பதிலாக இருக்கும் சிசி ஊசிகளில் உள்ள ரெசிஸ்டர்கள் சொல்ல வேண்டும், பை 4-இல் அந்த ஊசிகள் மின்சாரம் வாங்கும் பக்கமாகவே நிரந்தரமாக அமைக்கப்பட்டவை. (2019-இல் வந்த முதல் பை 4 போர்டுகளில் இரண்டு சிசி ஊசிகளுக்கும் ஒரே ரெசிஸ்டரைப் பங்கிட்டிருந்தார்கள். அதனால் சிப் பதித்த சில கேபிள்களில் மின்சாரமே ஏறவில்லை. பின்னால் திருத்தினார்கள்.)

சரி, மெனுவும் டிவைஸ் ட்ரீயும் முரண்பட்டால்? மெனுதான் ஜெயிக்கும். ‘ஹோஸ்ட் மட்டும்’ என்று கம்பைல் செய்த டிரைவரிடம் டிவைஸ் வேடத்துக்கான நிரலே இல்லை, பெரிஃபெரல் என்று எத்தனை முறை எழுதினாலும் அதற்கு ஏறாது. அமைப்பு பொருந்தவில்லை, டிஆர்_மோடு ஹோஸ்டாக மாற்றப்பட்டது என்று பூட் லாகில் (போர்டு தொடங்கும்போது கர்னல் எழுதும் பதிவில்) ஒற்றை வரி எச்சரிக்கை வரும். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவில் அதை யார் பார்க்கிறார்கள்? லேப்டாப் பக்கம் எதுவுமே தெரியாததால் கேபிளை மாற்றுவார்கள், லேப்டாப் டிரைவரைத் தேடுவார்கள். அதற்கெல்லாம் முன்னால் அந்த லாகைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டில் டிடபிள்யூசி2 என்று தேடிப் பார்ப்பது எவ்வளவோ மேல். கேபிள் மீது சந்தேகமே வேண்டாம் என்று சொல்லவில்லை, தரவுக் கம்பியே இல்லாத சார்ஜிங் கேபிள்கள் ஏராளம்.

லாக் சுத்தமாக இருந்தால் அடுத்ததாக, போர்டின் சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் யூடிசி என்ற இடத்தில் (/sys/class/udc) கன்ட்ரோலரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பை ஜீரோவில் 20980000 என்று தொடங்கும் பெயர் தெரிய வேண்டும். அது காலியாக இருந்தால் டிவைஸ் வேடம் அமையவில்லை என்று அர்த்தம். பெயர் இருந்தும் லேப்டாப் கண்டுகொள்ளவில்லை என்றால், பெரும்பாலும் கேட்ஜெட் டிரைவர் எதையும் ஏற்றாமல் விட்டிருப்பீர்கள். வேடம் தயார், ஆனால் நெட்வொர்க் கார்டா, சீரியல் போர்ட்டா, டிஸ்க்கா என்று யாரும் சொல்லவில்லை. ஜி_ஈதர் மாட்யூலை ஏற்றினால் நெட்வொர்க் கார்டாகத் தெரியும், ஜி_சீரியல் என்றால் சீரியல் போர்ட்.

கேபிளைப் பை ஜீரோவின் எந்த ஓட்டையில் செருகியிருக்கிறீர்கள் என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கின்றன, அச்சு அசலாக ஒரே வடிவம். ஓரத்தில் இருக்கும் பவர் போர்ட்டில் தரவுக் கம்பிகளே இணைக்கப்படவில்லை.