மனநலக் குழு அமர்வு: அரசிடம் எப்படிக் கேட்பது, எங்கே ஏமாறாமல் இருப்பது

ஒருநாள் முகாமுக்குப் போய், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, டீயும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினால் அதற்குப் பெயர் மனநலச் சேவை இல்லை. புயலிலோ வெள்ளத்திலோ விபத்திலோ தற்கொலையிலோ ஆளைப் பறிகொடுத்தவர்களுக்கு அரசு அதைவிட அதிகம் செய்யக் கடமைப்பட்டிருக்கிறது. காசில்லாமல், ஊருக்குப் பக்கத்தில், விட்டுவிடாமல் தொடர்ந்து. அதில் ஒன்றுதான் குழு அமர்வு, அதாவது குழு சிகிச்சை: ஒரே மாதிரிப் பாதிப்புள்ள சிலர், பயிற்சி பெற்ற ஒருவரோடு திரும்பத் திரும்பச் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சுனாமி. அப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் ஊர்மட்டப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 2009-ல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பேரிடர் கால மனநலச் சேவைக்கென்றே வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அடுத்த ஆண்டு மே 29-ல் அமலுக்கு வந்தது. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

குறை மனு கொடுக்கும் இடத்தில் ஆரம்பிக்கிறது. “எங்கள் ஊருக்குக் குழு சிகிச்சை வேண்டும்” என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால், “அப்படி ஒரு திட்டமே இல்லையே” என்று திருப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வதிலும் ஒரு பாதி உண்மை உண்டு. சட்டத்தில் அந்தச் சொல் கிடையாது. 18-வது பிரிவில் இருப்பவை வேறு சொற்கள்: வெளிநோயாளர் சேவை, குடும்பத்துக்கான ஆதரவுச் சேவை, சமூக அளவிலான மறுவாழ்வுச் சேவை. மனுவில் இந்தச் சொற்களைப் போட்டு, “இதை எங்கள் ஊரிலேயே வாராந்திரக் குழு அமர்வாக நடத்தித் தரவும்” என்று எழுதுங்கள். “மாவட்ட மனநலத் திட்டக் குழு மூலமாக” என்பதையும் சேருங்கள். அந்தத் திட்டத்தில் மனநல மருத்துவர் மட்டும் இல்லை, உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் என்று ஒரு குழுவே உண்டு. குழு அமர்வை நடத்த வேண்டியவர்கள் இவர்கள்தான். மருத்துவருக்கு நேரமில்லை என்பது இதற்குப் பதில் ஆகாது.

அடுத்தது நிவாரணப் பட்டியல் குழப்பம். இதில்தான் நம் பக்கத்து ஜனங்கள் அதிகம் ஏமாந்து நிற்கிறார்கள். கஜா அடித்த 2018 நவம்பருக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் ஒரு அம்மா, காற்று கொஞ்சம் உரத்து வீசினாலே வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். விடியும்வரை உள்ளே போகமாட்டார். கூரை பறந்துவிடும் என்ற பயம். ஆனால் அவர் வீடு அந்தப் புயலில் விழவில்லை. “வீடு இடிஞ்சுதா? தென்னை விழுந்துச்சா? இல்லேல்ல, அப்ப உங்க பேரு லிஸ்ட்ல வராதும்மா” என்று அவருக்குப் பதில் வந்தது. அவர் பணம் கேட்கவே இல்லை, சிகிச்சைதான் கேட்டார். நிவாரணப் பட்டியல் வருவாய்த் துறையினுடையது. சிகிச்சை சுகாதாரத் துறையினுடையது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. மனநல சிகிச்சைக்கு வி.ஏ.ஓ. சான்றிதழ் தேவையில்லை, பட்டியலில் பெயர் இருக்க வேண்டியதும் இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலவசம் என்று சட்டமே சொல்கிறது. அட்டையைக் கேட்டு யாராவது திருப்பி அனுப்பினால் அந்த வரியைச் சொல்லுங்கள்.

இன்னொரு பயம், பெயர் பதிந்தால் பைத்தியம் என்று முத்திரை விழும், பட்டாவில் பிரச்சினை வரும், பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்பது. ஓ.பி. சீட்டு வாங்கியதால் யாரும் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். அதை நீதிமன்றம்தான் சொல்ல முடியும். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பதும் உங்கள் உரிமை. இதற்குப் பயந்துதான் பலபேர் “தூக்கம் வரல, நெஞ்சு படபடன்னு அடிக்குது” என்று மட்டும் பொது ஓ.பி.யில் சொல்லி, சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் நடக்கிறார்கள். பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்வதை நான் தடுக்க மாட்டேன். கயிறோடு போய் மனநலப் பிரிவிலும் சீட்டு போடுங்கள்.

சீட்டு போடப் போகிற நாளிலும் கவனம் வேண்டும். வட்ட மருத்துவமனைகளுக்கு மாவட்ட மனநலத் திட்டக் குழு தினமும் வராது. குறிப்பிட்ட கிழமையில்தான் வரும். நடவு கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனபிறகு “நேத்தே வந்துட்டுப் போயிட்டாங்களே” என்று கேட்பதுபோல எரிச்சல் வேறில்லை. அந்தக் கிழமையை வாசலில் பெரிதாக எழுதி வைக்க எத்தனை ரூபாய் ஆகிவிடும்? கிளம்புவதற்கு முன் கிராம சுகாதார செவிலியரிடம் கிழமையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட அறை எது என்று விசாரியுங்கள்.

“இங்கே வசதி இல்லை, தஞ்சாவூர் மெடிக்கலுக்குப் போங்க” என்பது டெல்டாவில் எல்லோருக்கும் பழகிப்போன வாக்கியம். படுக்கையில் சேர்க்க வேண்டிய நிலை என்றால் சரி, போகத்தான் வேண்டும். வாரம் ஒருமுறை பேசுவதற்கு முத்துப்பேட்டைக்காரர் தஞ்சாவூர் போக முடியுமா? நெடுந்தூரம் அலைய வைக்கக் கூடாது என்று அதே 18-வது பிரிவு சொல்கிறது. மாவட்டத்தில் குறைந்தபட்ச சேவைகூட இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் எடுக்கும் சிகிச்சையின் செலவை அரசு ஏற்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆகவே வாய்வார்த்தையாக அனுப்பினால் நகராதீர்கள். “இங்கே இந்தச் சேவை இல்லை” என்று சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் திடீரென்று உள்ளூரிலேயே வசதி முளைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் வீட்டில் இருந்தால், வழக்கு வரும் என்று பயந்து மறைக்காதீர்கள். சட்டத்தின் 115-வது பிரிவின்படி, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும். சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. “கேஸ் போடாம இருக்க” என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்போது முகாம் நடத்த வருகிறவர்கள் பற்றி. வந்து இறங்கியதும் வட்டமாக உட்கார வைத்து, “அன்னிக்கு என்ன நடந்ததுன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க” என்று ஆரம்பித்தால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் கட்டாயமாகச் சொல்ல வைப்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. அழ வைத்து போட்டோ எடுத்துவிட்டு அவர்கள் போய்விடுவார்கள், ராத்திரி அந்த வீட்டில் யார் இருப்பது? முறையான குழு அமர்வு வேறு மாதிரி இருக்கும். மனச்சோர்வுக்காக உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட குழு முறையில் எட்டு அமர்வுகள். சிறிய குழு, அதே ஆட்கள், அமர்வை நடத்துபவரும் அதே ஆள். எனவே முதல் நாளே கேளுங்கள்: அடுத்த அமர்வு எப்போது, யார் வருவார், இங்கே பேசியது வெளியே போகாது என்பதற்கு யார் பொறுப்பு? போட்டோவுக்குத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். பதிவேட்டில் மேலே என்ன தலைப்பு எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்; எழுதாத தாளில் போடவே வேண்டாம்.

ஊரிலேயே இரண்டு மூன்று பெண்களைப் பயிற்றுவித்தால் நல்லதுதான், மகளிர் குழுவில் அதற்கு ஆள் இருக்கிறது. ஆனால் காசு கட்டிச் சில நாளில் “கவுன்சிலர் சான்றிதழ்” வாங்கலாம் என்று வருபவர்களிடம் மாட்டாதீர்கள். அந்தத் தாளை வைத்து யாரும் மருத்துவ உளவியலாளர் ஆக முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். ஊர்ப் பெண்கள் செய்யக்கூடியது காதுகொடுத்துக் கேட்பது, துணை இருப்பது, ஆபத்து தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புவது. அதற்கான பயிற்சியை மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடமே கேளுங்கள். பயிற்சிக்குப் பிறகு மாதாமாதம் யார் வந்து அவர்களைப் பார்ப்பார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மேற்பார்வை இல்லாமல் விட்டால் கேட்கிற பெண்ணும் உடைந்துபோவாள்.

மனுவைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானமாகப் போட்டு நகலை இணைத்தால் இன்னும் வலு. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களை விட்டுவிடாதீர்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க்குத் தகவல் உரிமை மனு: எங்கள் வட்டத்துக்கு மனநலக் குழு கடந்த ஆண்டில் எந்தெந்தத் தேதிகளில் வந்தது, குழு அமர்வு எத்தனை நடந்தது? இந்த இரண்டு கேள்வி போதும். சிகிச்சையில் குறை என்றால் முதலில் அந்த மருத்துவமனைப் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் புகார், அதன்பிறகு மனநல மறுஆய்வு வாரியம். வக்கீல் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசம். தொலைபேசி எண் 15100.

இதெல்லாம் நடக்கும்வரை காத்திருக்க முடியாத ராத்திரிகள் உண்டு. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் யாராவது சாவைப் பற்றிப் பேசினால், மனுவையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அவரைத் தனியே விடாமல் முதலில் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108.