துணை ராணுவமா, மத்திய ஆயுதக் காவல் படையா?

தேர்தல் நெருங்கினால் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் பாதுகாப்புக்கு வரும் மத்தியப் படைகளின் கொடி அணிவகுப்பு நடக்கும். பார்ப்பவர்கள் “மிலிட்டரி வந்தாச்சு” என்பார்கள். செய்தியில் “துணை ராணுவம்” என்று வரும். இரண்டும் பொருந்தாது.

‘துணை ராணுவம்’ என்பதன் ஆங்கில மூலமான ‘பாராமிலிட்டரி’யில் ‘பாரா’ கிரேக்க முன்னொட்டு. பக்கத்தில், அருகில் என்று பொருள். ‘மிலிட்டரி’, படைவீரரைக் குறிக்கும் ‘மிலெஸ்’ என்ற லத்தீன் சொல்வழி வந்தது. தமிழில் ‘துணை’ என்று போட்டதும், ராணுவத்துக்கு ஒத்தாசையாக வரும் படை என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டது. ஆனால் தேர்தல் பணிக்கு வரும் சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப், ஐடிபிபி, எஸ்எஸ்பி எல்லாமே உள்துறை அமைச்சகத்தின் படைகள். ராணுவம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருப்பது. இந்த ஐந்துக்கும் 2011-இல் உள்துறை வைத்த பொதுப்பெயரின் தமிழ்தான் ‘மத்திய ஆயுதக் காவல் படை’. ‘நடுவண் படைக்கலக் காவற்படை’ என்றும் எழுதலாம். வாக்காளருக்குச் சட்டென்று புரிவது முன்னதுதான்.

‘காவல்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது. ‘ஆயுதப்படை’ என்றால் நாகர்கோவிலில் மாவட்டக் காவல்துறையின் பிரிவைத்தான் நினைப்பார்கள். அதைவிட முக்கியம், வாக்குச்சாவடியில் இவர்கள் பார்ப்பது காவல் வேலை மட்டுமே. சாவடிக்குள் அதிகாரம் தலைமை அலுவலருடையது. அவர் கூப்பிடாமல் சீருடையில் இருப்பவர் உள்ளே வரக் கூடாது என்பதே பொது விதி. வெளியே வரிசையை ஒழுங்குபடுத்தலாம், தகராறைத் தடுக்கலாம். வாக்காளர் யார் என்று சரிபார்ப்பது, உள்ளே இருக்கும் முதலாம் வாக்குப்பதிவு அலுவலரின் வேலை. துப்பாக்கியோடு நிற்பவரை ராணுவம் என்று எண்ணி, அவர் கைகாட்டியதும் திரும்பிப் போய்விட்டால் ஒரு வாக்கு போச்சு. அவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம்; தலைமை அலுவலரைப் பார்க்கவேண்டும் என்று அங்கு நிற்கும் உள்ளூர் போலீஸிடம் சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயரும், தேர்தல் ஆணையம் ஏற்கும் அடையாள ஆவணம் ஒன்றும் இருந்தால் போதும். பூத் சிலிப் கட்டாயமில்லை.

வாக்குப்பதிவு முடிந்த பிறகுதான் நீண்ட பணி. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் ஏப்ரல் 19 அன்று பதிவான வாக்குகள் ஜூன் 4 அன்று எண்ணப்பட்டன. இடையில் 46 நாள். வாக்குப்பதிவு இயந்திரங்களை வைத்துப் பூட்டும் ஸ்டிராங் ரூமின் உள்வட்டக் காவல் மத்தியப் படைக்கு, வெளிவட்டம் மாநிலப் போலீசுக்கு. கதவுக்கு இரட்டைப் பூட்டு. வேட்பாளர் தரப்பும் தன் முத்திரையை வைக்கலாம். உள்வட்டத்தைத் தாண்டுபவர் ஆட்சியராகவே இருந்தாலும், பெயரும் தேதியும் நேரமும் பதிவேட்டில் ஏறியாக வேண்டும்.