என்ஹான்ஸ்மென்ட் என்றால் மேம்பாடா?

‘காக்னிட்டிவ் என்ஹான்ஸ்மென்ட்’ என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழில் பெரும்பாலும் ‘அறிவு மேம்பாடு’ என்றே எழுதுகிறோம். மாத்திரை, மின்தூண்டல், மரபணு மாற்றம், மூளைக்குள் பொருத்தும் கருவி என ஏதாவது ஒரு வழியில், நோய் எதுவும் இல்லாத ஒருவரின் நினைவாற்றல், கவனம், யோசிக்கும் வேகம் ஆகியவற்றை இப்போது இருப்பதைவிட உயர்த்துவது என்பது அதன் பொருள். நானும் ‘அறிவு மேம்பாடு’ என்று பலமுறை எழுதியிருக்கிறேன். இப்போது விட்டுவிட்டேன்.

‘அறிவு மேம்பட்டால் வாழ்க்கை மேம்படுமா?’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டோம். இத்தனைக்கும் இது இன்னும் முடிவு தெரியாத கேள்வி, நம் பிள்ளைகள் காலத்தில் பலர் நேரடியாகச் சந்திக்கப்போகிற கேள்வி. அதனால்தான் இந்த ஒரு தொடரை இவ்வளவு நேரம் உரசிப் பார்க்கிறேன்.

முதலில் ‘என்ஹான்ஸ்’. இது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதன் வேரில் இருப்பது லத்தீன் ‘ஆல்டுஸ்’, அதாவது உயரமானது. ‘ஆல்டிட்யூட்’ என்ற சொல்லும் அங்கிருந்து கிளைத்ததுதான். ஆரம்பத்தில் ‘என்ஹான்ஸ்’ என்றால் உயரே தூக்குவது, அவ்வளவுதான். அப்புறம் விலையை ஏற்றுவதற்கும் அதுவே ஆயிற்று. பழைய ஆங்கிலத்தில் துன்பத்தையும் குற்றத்தையும்கூட ‘என்ஹான்ஸ்’ செய்யலாம். நல்லதை மட்டுமே உயர்த்துவது என்ற பொருள் பின்னால் படிந்தது. அமெரிக்கச் சட்ட வழக்கில் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே ‘சென்டென்ஸ் என்ஹான்ஸ்மென்ட்’ என்றால் குற்றவாளிக்கு வழக்கமாகக் கிடைப்பதைவிட அதிகமான தண்டனை. அதை ‘தண்டனை மேம்பாடு’ என்று யாரும் மொழிபெயர்க்க மாட்டார்கள், ‘கூடுதல் தண்டனை’ என்றுதான் சொல்வார்கள்.

நம்முடைய ‘மேம்படு’ என்ற சொல்லிலும் இதேபோல உயரம்தான் இருக்கிறது. மேல், படு இரண்டும் சேர்ந்த சொல் அது. இரண்டு மொழிக்காரர்களும் உயரத்தையே சிறப்புக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த ஒற்றுமை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மேம்பாடு என்றாலே சிறப்பு, நல்ல நிலை. ‘வலி மேம்பட்டது’ என்று சொல்ல முடியாது.

அடுத்தது ‘காக்னிட்டிவ்’. லத்தீன் ‘கோக்னோஸ்கெரே’, அறிந்துகொள்ளுதல். இதன் வேரும் வடமொழி ‘ஞானம்’ என்ற சொல்லின் வேரும் ஒன்றே. ஆங்கில ‘நோ’வும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் ஞானம் தமிழில் வேறு உயரத்துக்குப் போய்விட்டது, மாத்திரை விழுங்கி ஞானம் பெறுவது பற்றிப் பேச முடியாது. ஈழத்துக் கல்வியியல் எழுத்துகளில் ‘அறிகை’ என்று சொல்வார்கள். அறியும் செயலைக் குறிக்க நல்ல சொல் அது.

சரி, ‘அறிவு’ ஏன் கூடாது? வள்ளுவர் அறிவுடைமை என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். அதில் அறிவுக்கு இப்படி இலக்கணம் சொல்கிறார்:

சென்ற இடத்தால் செலவிடா தீதொரீஇ
நன்றின்பால் உய்ப்ப தறிவு

மனம் போன இடத்துக்கெல்லாம் அதைப் போகவிடாமல், தீயதிலிருந்து விலக்கி, நல்லதன் பக்கம் செலுத்துவது எதுவோ அதுதான் அறிவு. கணக்கை வேகமாகப் போடுவதோ நூறு எண்களை நினைவில் வைப்பதோ இந்த இலக்கணத்தில் இல்லை. இன்னொரு குறளில் இன்னும் கடுமையாகவே கேட்கிறார்: பிற உயிரின் நோயைத் தன் நோய்போல எண்ணிக் காக்காவிட்டால் ‘அறிவினான் ஆகுவ துண்டோ?’ தமிழில் ‘அறிவு’ என்ற சொல் இத்தனை காலமாக இந்தச் சுமையைத் தாங்கி வந்திருக்கிறது. ஒரு வேதிப்பொருள் நரம்பணுக்களுக்கு நடுவே செய்யும் வேலைக்கு அதைத் தூக்கிக் கொடுப்பது சொல்லுக்கும் நியாயமில்லை, அறிவியலுக்கும் நியாயமில்லை.

மாத்திரையும் கருவியும் தொடுவது திறனை. ஆகவே ‘அறிதிறன்’ பொருத்தம். புதுச் சொல்லும் இல்லை, ‘அறிதிறன்பேசி’ வழியாகப் பலருக்குப் பழகியதுதான். ‘இன்டெலிஜென்ஸ்’ என்பதற்கு வழங்கும் ‘நுண்ணறிவு’ செயற்கை நுண்ணறிவோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால், மனித மூளையைப் பற்றிப் பேசும் இடத்தில் குழப்பம் தருகிறது. போகிற போக்கில் ஒன்று: ‘இன்டெலிஜென்ஸ்’ என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்குப் பலவற்றுக்கு நடுவே தேர்ந்தெடுப்பது என்று பொருள். தமிழில் ‘தெரி’ என்ற வினையும் அப்படித்தான். அறிவதும் அதுவே, தேர்ந்தெடுப்பதும் அதுவே. ‘தெரிவு’ என்ற சொல்லில் இரண்டாவது பொருள் அப்படியே நிற்கிறது.

இனி ‘மேம்பாடு’ இருந்த இடத்துக்கு என்ன சொல்? ‘கூட்டல்’ என்கிறேன். வேகத்தைக் கூட்டு, ஒலியைக் கூட்டு, விலையைக் கூட்டு என்று அன்றாடம் சொல்கிறோம். கூட்டியது நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி அந்தச் சொல் வாய் திறப்பதில்லை. கணக்குப் பாட வாசனை கொஞ்சம் அடிக்கிறது என்று ஒரு நண்பர் குறை சொன்னார். அளவு கூடுகிறது என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லக் கூடாது என்பதால், அந்த வாசனை இருக்கட்டும். ‘உயர்வு’, ‘ஏற்றம்’ இரண்டிலும் பாராட்டு ஒளிந்திருக்கிறது. ‘பெருக்கம்’ அளவை மிகைப்படுத்துகிறது. ஆக, அறிதிறன் கூட்டல்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டால் அது நிஜமான கேள்வியாகிவிடுகிறது: அறிதிறனைக் கூட்டினால் வாழ்க்கை மேம்படுமா?

1999-இல் ஜோ சியென் தலைமையிலான ஆய்வாளர்கள் எலிகளின் மூளையில் என்ஆர்2பி என்ற ஏற்பிப் புரதம் (நரம்பணுவில் இருந்துகொண்டு சைகைகளை வாங்கிக்கொள்வது) அதிகமாக உருவாகும்படி மரபணுவை மாற்றினார்கள். அந்த எலிகள் மற்ற எலிகளைவிட விரைவாகக் கற்றன, கற்றதை அதிக நாள் நினைவில் வைத்திருந்தன. ‘டூகி’ என்று செல்லப் பெயர் வைத்து உலகமே கொண்டாடியது. இரண்டு ஆண்டு கழித்து வேறொரு குழு அதே வகை எலிகளின் வலி உணர்வைச் சோதித்தது. சட்டென்று வந்துபோகும் வலியில் மாற்றம் இல்லை. ஆனால் வீக்கத்தால் நீடிக்கும் வலிக்கு இந்த எலிகள் அதிகமாகத் துடித்தன. கற்றதைப் பற்றிக்கொள்ளும் அதே புரதம் வலியையும் விடாமல் பற்றிக்கொண்டது. இந்த எலிகளை ‘மேம்படுத்தப்பட்டவை’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவற்றில் ஒன்று கூடியது, அதோடு இன்னொன்றும் கூடியது.

மனிதரில் இதை ஒத்த ஒரு கதை சாலமன் ஷெரஷெவ்ஸ்கியுடையது. மாஸ்கோவில் செய்தியாளராக இருந்தவர். 1920களில் தொடங்கி அலெக்சாண்டர் லூரியா என்ற உளவியலாளர் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒருமுறை கேட்ட சொற்பட்டியலைக்கூட அவரால் பிசகாமல் திருப்பிச் சொல்ல முடிந்தது. அவருடைய துயரம் வேறு இடத்தில் இருந்தது. அவரால் மறக்க முடியவில்லை. மறக்க வேண்டியதைத் தாளில் எழுதி, அந்தத் தாளை எரித்துக்கூடப் பார்த்தார். மனித முகங்கள் கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டே இருப்பதால் அவற்றை அடையாளம் காண்பதே அவருக்குச் சிரமமாக இருந்தது. அவருக்கு வாய்த்தது பிறவித் திறன், யாரும் கூட்டியதில்லை. ஆனால் நினைவாற்றலைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த எரிந்த தாள் நினைவுக்கு வருகிறது. மறதியும் நமக்கு வேலை செய்கிறது. துக்கம் ஆறுவது அதனால்தான்.

மாத்திரைகள் இவ்வளவு தூரம் போவதில்லை. கவனக்குறைவு நோய்க்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட், பகல் தூக்க நோய்க்கான மோடாஃபினில், இவற்றை நோய் இல்லாதவர்களும் படிப்புக்காகவும் வேலைக்காகவும் விழுங்குகிறார்கள். 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நலமான 40 பேருக்கு இவை உட்பட மூன்று மருந்துகளையும், வெற்று மாத்திரையையும் வெவ்வேறு நாளில் கொடுத்து, எடை வரம்புக்குள் மிக மதிப்புள்ள பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் கடினமான புதிர்களைப் போடச் சொன்னார்கள். மருந்து எடுத்தபோது அவர்கள் அதிக நேரம் உழைத்தார்கள், அதிக மாற்றங்களைச் செய்து பார்த்தார்கள். ஆனால் தேர்வின் தரம் குறைந்தது. அதுவும், வெற்று மாத்திரையில் நன்றாகச் செய்தவர்கள் மருந்தில் சராசரிக்கும் கீழே இறங்கும் போக்கு தெரிந்தது. முயற்சி கூடிற்று, தெரிவு குறைந்தது. அறிதிறன் என்பது ஒற்றைக் குமிழைத் திருகிக் கூட்டுகிற விஷயம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை.

திறன் நிஜமாகவே கூடிவிட்டால்? அதற்கு நேரடி விடை கிடையாது. ஆனால் ஸ்காட்லாந்தில் ஒரு நல்ல தடயம் இருக்கிறது. 1932 ஜூன் 1 அன்று அந்த நாட்டில் 1921-இல் பிறந்த, பள்ளியில் இருந்த பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோருக்கும், 87,000-க்கும் மேற்பட்டோருக்கு, ஒரே அறிதிறன் தேர்வு வைத்தார்கள். அந்த மதிப்பெண் பதிவேடுகள் பத்திரமாக இருந்ததால் பிற்காலத்தில் அவர்களில் பலரைத் தேடிப் பிடிக்க முடிந்தது. 11 வயதில் அதிக மதிப்பெண் எடுத்தவர்கள் நீண்ட நாள் வாழும் வாய்ப்பு கூடுதல் என்று ஒரு ஆய்வு காட்டியது. இது சாதாரணப் பலன் இல்லை. நோயைப் புரிந்துகொள்வது, ஆபத்தை முன்கூட்டி உணர்வது, நல்ல வேலை கிடைப்பது எல்லாம் அதில் சேர்ந்திருக்கலாம். ஆனால் 80 வயதை ஒட்டியவர்களிடம் உங்கள் வாழ்க்கையில் நிறைவு எவ்வளவு என்று கேட்ட 2005-ஆம் ஆண்டு ஆய்வில், சிறுவயது மதிப்பெண்ணுக்கும் நிறைவுக்கும் தொடர்பு தெரியவில்லை. முதுமையில் எடுத்த மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இல்லை.

ஆகவே ‘அறிதிறன் கூட்டல் வாழ்க்கையை மேம்படுத்தும்’ என்பதும் ‘கெடுக்கும்’ என்பதும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டிய கூற்றுகள். கூட்டிய திறன் எதன்பால் உய்க்கப்படுகிறது என்பது மாத்திரையின் வேலை இல்லை. அந்த வேலைக்குத்தான் ‘அறிவு’ என்ற சொல்லைத் தனியே காப்பாற்றி வைக்கச் சொல்கிறேன்.

பக்கத்துச் சொற்கள் இரண்டு. ‘நூட்ரோபிக்’ என்பதை 1972-இல் ருமேனிய அறிவியலாளர் கோர்னெலியு ஜியூர்ஜியா உருவாக்கினார். கிரேக்கத்தில் ‘நூஸ்’ மனம், ‘ட்ரோப்பே’ திருப்பம். இதை ‘மூளை ஊக்கி’ என்று எழுதுவது தவறு, ஏனென்றால் வழக்கமான ஊக்கமருந்துகளிலிருந்து பிரித்துக் காட்டத்தான் அவர் அந்தச் சொல்லையே உண்டாக்கினார். ‘அறிதிறன் கூட்டி’ போதும். இன்னொன்று ‘இன்டெலிஜென்ஸ் ஆக்மென்டேஷன்’. 1962-இல் டக்ளஸ் எங்கல்பார்ட் கணினியை மனித அறிதிறனுக்குத் துணையாக்குவது பற்றி எழுதிய அறிக்கையோடு பரவிய கருத்து. அங்கே மூளை மாறுவதில்லை, கருவி பக்கத்தில் வந்து உட்காருகிறது. ‘அறிதிறன் துணை’ என்று எழுதலாம்.

ஓர் இடத்தில் மட்டும் ‘கூட்டல்’ என்ற சொல்லையும் நான் பயன்படுத்த மாட்டேன். கருவில் இருக்கும்போது தாய்க்கு அயோடின் போதாவிட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. உலகில் தடுக்கக்கூடிய அறிதிறன் குறைபாட்டுக்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுவது இதுதான். 1922-இல் சுவிட்சர்லாந்து உப்பில் அயோடினைக் கலக்கத் தொடங்கியது, முன்கழுத்துக் கழலையைத் தடுப்பதற்காக. அதோடு குழந்தைகளின் மூளையும் காப்பாற்றப்பட்டது. பெட்ரோலில் கலந்த ஈயமும் இப்படிக் குழந்தைகளின் மூளையைத் தின்றுகொண்டிருந்தது. கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல் அதை நிறுத்தியது. இவற்றால் வாழ்க்கை மேம்பட்டதா என்று யாரும் விவாதிப்பதில்லை, விவாதிக்க வேண்டியதும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் புதிதாக எதையும் கூட்டவில்லை, அவர்களுக்கு உரியது பறிபோகாமல் பார்த்துக்கொண்டார்கள். இதை எழுதும் இடத்தில் ‘அறிதிறன் காப்பு’ என்று எழுதுகிறேன்.