18ஐ 16 ஆக்கினா பசங்க ஓட்டு போட வந்துடுவாங்களா?

2024 பார்லிமென்ட் தேர்தல் அன்னிக்கு, ஏப்ரல் 19, வெயில் ஏர்றதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்னு ஏழரைக்கே வீட்ல எல்லாரும் கிளம்பினோம். பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு கார்ப்பரேஷன் ஸ்கூல்தான் எங்க பூத். அத்தை, அக்கா, மாமா, கூடவே அக்கா பையன், அவனுக்கு டிசம்பர்லதான் 18 முடிஞ்சுது. அரசியல் பத்தி அவன்கிட்ட கேட்டா கேரம் போர்டு பத்திதான் பேசுவான், ஆனா எல்லாரும் கிளம்புறாங்க, திரும்பி வர்றப்ப டிபன் வாங்குவாங்கன்னு சட்டையை மாட்டிக்கிட்டு வந்துட்டான். எதிர்வீட்டு பையனுக்கு 22. ஸ்ரீபெரும்புதூர்ல வேலை, அங்கயே ரூம் எடுத்து நாலு பேரோட இருக்கான், ஓட்டு மட்டும் இங்க. தெருவுல எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டுன்னு விரல் விட்டு எண்ணுறவன், அன்னிக்கு வரல. அப்புறமா கேட்டதுக்கு "இன்னாக்கா நீ, நைட் ஷிப்ட் முடிச்சிட்டு ரெண்டு பஸ் மாறி வரணுமா"ன்னான்.

ஆர்வம் இல்லாதவன் வந்தான், ஆர்வம் இருக்கிறவன் வரல. ஓட்டு வயசைக் குறைச்சா இளைஞர்கள் அரசியலுக்குள்ள வருவாங்களான்னு ஆராய்ச்சி பண்றவங்க இவ்ளோ வருஷமா தலையைப் பிச்சுக்கிறது கிட்டத்தட்ட இந்த விஷயத்துக்காகத்தான்.

டென்மார்க்ல யார் ஓட்டு போட வந்தாங்கங்கிற அரசாங்கப் பதிவையே எடுத்து வயசு வாரியா பார்த்தாங்க. சர்வேல கேட்டா போடாதவனும் போட்டேன்னு சொல்லுவான், பதிவுல அந்தப் பொய் கிடையாது. 18 வயசுக்காரங்க நல்லாவே வர்றாங்க, 19ல குறையுது, 20ல இன்னும் குறையுது, அப்புறம் எங்கயோ அடி தட்டிட்டு மெதுவா ஏறுது. என்ன காரணம்னு நோண்டினா, 18ல இருக்கிறவன் பெரும்பாலும் அப்பா அம்மா கூட இருக்கான், அவங்க கிளம்பினா இவனும் கிளம்புறான், வீட்டை விட்டு வெளிய போனதும் அந்தக் கயிறு அறுந்துடுது. எங்க தெருவுல ரெண்டு பையனை வெச்சு நான் பார்த்ததை அவங்க ஊரு முழுக்க பார்த்திருக்காங்க.

இன்னொரு பாதி, பழக்கம். 1998ல அமெரிக்காவுல நியூ ஹேவன்ங்கிற ஊர்ல வாக்காளர்களை குலுக்கல் மாதிரி பிரிச்சு, சில பேர் வீட்டுக் கதவைத் தட்டியும் லெட்டர் போட்டும் ஓட்டு போட வாங்கன்னு கூப்பிட்டாங்க, மீதி பேரை கண்டுக்கல. கூப்பிட்டவங்க கொஞ்சம் அதிகமா வந்தாங்க, அதுல ஆச்சரியம் இல்ல. ஆனா அடுத்த வருஷம் அந்தக் கூட்டத்தை யாரும் மறுபடி கூப்பிடாமலே, முந்தின வருஷம் வந்தவங்க திரும்ப வந்தாங்க. ஒரு தடவை போட்டவனுக்கு பூத் எங்க, எந்த ரூம், என்ன கார்டு எடுத்துட்டுப் போகணும்னு எல்லாம் தெரிஞ்சிடுது, கூச்சம் போயிடுது. இதுக்கு மறுபக்கமும் இருக்கு, முதல் ரெண்டு மூணு தேர்தலைத் தவற விட்டவனுக்கு வராததே பழக்கமாயிடும்.

இப்ப வீடு, பழக்கம் ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டு, வயசைக் குறைச்ச இடங்கள்ல என்ன ஆச்சுன்னு பாருங்க. நம்ம ஊர்ல ஓட்டு வயசு 21ல இருந்து 18 ஆனது 61வது அரசியல் சட்டத் திருத்தத்துல, 1989 மார்ச் 28ல இருந்து அமல். எங்க பெரிய மாமாவுக்கு அந்த ஜனவரில சட்டமன்றத் தேர்தல் நடந்தப்ப 20 வயசு, ராயபுரத்துல பூத் வாசல்ல டேபிள் போட்டு நாள் பூரா ஸ்லிப் எழுதிக் குடுத்தாராம், அவருக்கு ஓட்டு கிடையாது. அதே வருஷம் நவம்பர்ல பார்லிமென்ட் தேர்தல்ல ஓட்டு வந்துடுச்சு. இளைஞர் பட்டாளம் உள்ள வந்ததால நாட்டுல ஓட்டு சதவீதம் எகிறிச்சான்னா இல்ல, 1984ல சுமார் 64 இருந்தது, 1989ல சுமார் 62. அமெரிக்காவும் 1971ல 18 ஆக்கினாங்க, 1972ல மொத்த சதவீதம் இறங்கினதுதான் மிச்சம். வயசைக் குறைச்சா கதை முடிஞ்சுதுன்னு சொல்றவங்களுக்கு இது சரியான அடி.

அப்ப 16 ஆக்கினா இன்னும் மோசமாகும்னுதானே தோணுது? அங்கதான் எனக்கே ஆச்சரியம். 18ல இருந்து 21 வரைக்கும்தான் ஒருத்தன் ஸ்கூல் முடிக்கிறான், காலேஜுக்கோ வேலைக்கோ ஊர் மாறுறான், வாழ்க்கையே கலைஞ்சு கிடக்குது, அந்த நேரம் பார்த்து முதல் ஓட்டைக் குடுக்குறோம். 16ல அவன் இன்னும் வீட்ல இருக்கான், ஸ்கூல்ல இருக்கான். ஆஸ்திரியா 2007ல தேசியத் தேர்தலுக்கே 16 ஆக்கினாங்க, அப்புறம் வியன்னாவுல வாக்காளர் பட்டியலை வெச்சுப் பார்த்தா 16, 17 வயசுப் பசங்க 18ல இருந்து 20 வரை இருக்கிறவங்களைவிட அதிகமாவே வந்திருக்காங்க. 2014ல ஸ்காட்லாந்து தனிநாடு ஓட்டெடுப்புலயும் 16, 17க்கு ஓட்டு குடுத்தாங்க. அந்தத் தலைமுறையைத் தொடர்ந்து பார்த்ததுல அவங்க இருபதுகள்ல வந்த பிறகும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்த வயசுல மூளை வளரலயேன்னு கேட்பீங்க. நண்பர்கள் உசுப்பேத்துற சூட்டுல எடுக்குற முடிவு இருபது தாண்டியும் தடுமாறும், நிதானமா யோசிச்சு எடுக்குற முடிவு 16 வாக்குலயே பெரியவங்க அளவுக்கு வந்துடுதுன்னு மனோதத்துவ ஆய்வு சொல்லுது. ஓட்டு ரெண்டாவது ரகம், தேதி முன்னாடியே தெரியும். (குவார்ட்டரும் பிரியாணியும் குடுத்து சூடேத்துறது பெரியவங்களுக்கும் நடக்குது, அதை விடுங்க.)

ஆனா வர்றது வேற, ஈடுபாடு வேற. நார்வேல 2011ல 20 ஊர்ல மட்டும் உள்ளாட்சித் தேர்தலுக்கு 16 வெச்சுப் பார்த்தாங்க, ஓட்டு கிடைச்ச பசங்களுக்கு மத்த ஊர் பசங்களைவிட அரசியல் முதிர்ச்சி ஒண்ணும் கூடிடல. ஓட்டே இல்லாம ஈடுபாடு இருக்கலாங்கிறதுக்கு 2017ல மெரினாவுல ஜல்லிக்கட்டுக்காக உக்காந்த கூட்டமே போதும், அதுல 18 ஆகாத பசங்க எத்தனையோ பேர்.

நம்ம ஊருக்கு வந்தா, ஆஸ்திரியால பட்டியல்ல பேர் தானா ஏறிடும், இங்க படிவம் 6 நாமதான் போடணும். 2024 தேர்தலுக்கு 18, 19 வயசுல பதிவு பண்ணியிருந்தவங்க நாடு முழுக்க சுமார் 1.8 கோடி, அந்த வயசு ஜனத்தொகைல 40 சதவீதம்கூட தேறாது. கதவே திறக்காத வீட்டுக்கு வாசலை அகலப்படுத்தி என்ன பண்றது. இன்னொண்ணு, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தேர்தல்னா 18 ஆனவனுக்கு முதல் வாய்ப்பு 18க்கும் 23க்கும் நடுவுல எப்ப வேணா வரும், சராசரியா இருபதரை, சரியா அந்த வீட்டை விட்டுப் போற வயசு. சட்டமன்றம், பார்லிமென்ட்னு மாறி மாறி வர்றதால நமக்கு இடைவெளி கொஞ்சம் குறையுது, சரி. ஆனா வார்டுல குழாய், சாக்கடை, குப்பைன்னு கண்ணு முன்னாடி தெரியுற சென்னை மாநகராட்சித் தேர்தல் 2011 அக்டோபருக்கு அப்புறம் 2022 பிப்ரவரிலதான் நடந்துச்சு. 2011 நவம்பர்ல 18 ஆனவன் முதல் கவுன்சிலர் ஓட்டைப் போடுறப்ப அவனுக்கு 28 வயசு, கையில குழந்தை இருந்திருக்கும். அந்தத் தேர்தல்ல சென்னைல சுமார் 44 சதவீதம்தான் ஓட்டு விழுந்துச்சு, பசங்களைத் திட்டி என்ன ஆகப் போகுது.

ஒரு நல்ல மாற்றம் 2022ல வந்துச்சு. முன்னாடி 18 முடிஞ்சுதான்னு பார்க்க ஜனவரி 1 ஒண்ணுதான் கணக்கு, ஜனவரி 2 பிறந்தவன் ஒரு வருஷம் காத்துக் கிடக்கணும். இப்ப ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு நாலு தேதி, 17 முடிஞ்சாலே முன்கூட்டியே விண்ணப்பமும் போட்டு வெக்கலாம்.

அதை நம்பி அக்கா பொண்ணுக்கு, அவனோட தங்கச்சிக்கு, நேத்து ராத்திரி போன்ல படிவம் 6 நிரப்ப உக்காந்தோம். போட்டோ ஏத்தியாச்சு, பிறந்த சர்டிபிகேட் ஏத்தியாச்சு. விலாசம் கேக்குற இடத்துல அவ நிறுத்திட்டா. ஜூன்ல கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போறா. "இந்த வீட்டைப் போடுறதா சித்தி, அந்த ஊரைப் போடுறதா?"