310 குதிரைத்திறன் காரில் எண்ணெய் எங்கே போகிறது?

பேராக்கின் பீடோர் டோலில் ஏறி, பிளஸ் நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் சீராகப் போகிறது ஹோண்டாவின் எஃப்கே8 சிவிக் டைப் ஆர் கார் ஒன்று. அதன் 310 குதிரைத்திறனில் அந்த நேரத்தில் வேலை செய்வது எவ்வளவு? ஏறத்தாழ 23.

கணக்கு எளிது. ஓட்டுநரோடு சேர்த்து 1,450 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் காற்று சுமார் 380 நியூட்டன் விசையோடு காரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. டயர் உருள்வதில் இன்னொரு 170 நியூட்டன் போகிறது. ஆக 550 நியூட்டன். இதை எதிர்த்து 110-இல் ஓட 17 கிலோவாட் போதும். 100 கிலோமீட்டருக்கு 55 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் அடங்கியிருக்கிறது. முழுவதும் சக்கரத்துக்கு வந்து சேர்ந்தால் 100 கிலோமீட்டரை 1.7 லிட்டரில் ஓடிவிடலாம். வராது. இந்தப் பாரத்தில் இன்ஜினும் கியர்பெட்டியும் சேர்ந்து நூற்றுக்கு 27 பங்கைத்தான் வேலையாக மாற்றும். மற்றதெல்லாம் வெப்பமாக ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறும். அதனால் 6.4 லிட்டர். ஏர்கோனுக்கு அரை லிட்டர் சேர்த்தால் 7. லிட்டருக்கு 14 கிலோமீட்டர்.

இதே காரை பீடோர் டவுனுக்கும் தோட்டத்துக்கும் இடையே மட்டும் ஓட்டுபவர், லிட்டருக்கு 7 கிலோமீட்டர்கூட வரவில்லை என்பார். இருவர் சொல்வதும் சரிதான். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, இன்ஜினுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

பெட்ரோல் இன்ஜின், காற்றைக் கட்டுப்படுத்தித்தான் சக்தியைக் கட்டுப்படுத்துகிறது. மெதுவாகப் போகும்போது, காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியிருக்கும். அதைத் தாண்டி, சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் காற்றழுத்தம் வெளியில் இருப்பதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பிஸ்டன் ஒவ்வொரு முறை காற்றை இழுக்கும்போதும் அந்த வெற்றிடத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அதோடு பேரிங், பிஸ்டன் வளையம், ஆயில் பம்ப் ஆகியவற்றின் உராய்வு வேறு. கார் வாங்கும் சக்தி குறைந்தாலும், அந்தச் செலவு அதோடு சேர்ந்து குறையாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் நமக்குத் தேவை மூன்றரை கிலோவாட்தான். அந்த அளவுக்கு இந்தக் காரின் 2 லிட்டர் டர்போ இன்ஜின் சுழலும்போது அதன் திறன் 20 சதவீதத்துக்கு இறங்கும். அதே இன்ஜின் நிமிடத்துக்கு 2,000-க்கும் 3,000-க்கும் இடைப்பட்ட சுழற்சியில், தன் முறுக்குவிசையில் பாதிக்குமேல் கொடுக்கும்போது 35 சதவீதத்தைத் தொடும்.

காலைப் பூப்போல வைத்தால் எண்ணெய் மிச்சம் என்பார்கள். அது பாதி உண்மை. வேகம் எடுக்கும் நேரத்தில் பூப்போல மிதித்து, இரண்டாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போனால், இன்ஜின் தன் மோசமான இடத்தில் அதிக நேரம் உழைக்கும். பெடலைப் பாதி அளவுக்கு நன்றாகவே மிதித்து, 2,500-இல் அடுத்த கியருக்கு மாற்றி, வேண்டிய வேகம் வந்ததும் காலைத் தளர்த்துவதுதான் டர்போ காருக்குப் பொருந்தும். ஒரே ஓர் எச்சரிக்கை: 1,500-க்குக் கீழே ஆறாவது கியரில் வைத்துக்கொண்டு பெடலைத் தரையோடு அழுத்தக் கூடாது. நேரடியாக சிலிண்டருக்குள் எண்ணெய் தெளிக்கும் டர்போ இன்ஜின்களில், தீப்பொறி வரும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் சிக்கல் அந்த நிலையில்தான் வரும். பிஸ்டனையே உடைக்கக்கூடியது அது.

மேல் பக்கமும் ஓர் எல்லை உண்டு. சாதாரண ஓட்டத்தில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு எண்ணெய். முழு பூஸ்ட்டில், அதாவது டர்போ தன்னால் முடிந்த அளவு காற்றை உள்ளே திணிக்கும்போது, அதைச் சுழற்றும் டர்பைனுக்கு வரும் புகையின் சூடு 1,000 டிகிரியை நெருங்கினால், இன்ஜினின் கணினி அதைத் தணிக்க எண்ணெயை அதிகமாகத் தெளிக்கும். விகிதம் 12-க்கு 1 என்று இறங்கினால், அதே காற்றுக்கு 22 சதவீதம் கூடுதல் எண்ணெய். அதில் எரியாமல் போவது சூட்டைத் தணிக்கத்தான் பயன்படுகிறது. பழைய சாலையில் செம்பனைக் குலை லோரியை முந்த, 60-இலிருந்து 110-க்குப் பாய்ந்தால் சுமார் 60 மில்லிலிட்டர் செலவு. லிட்டர் 1 வெள்ளி 99 காசு கணக்கில் 12 காசு. முந்தும்போது இதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். எதிரில் வண்டி வருவதற்குள் முடித்துவிடுங்கள். எண்ணெய் போவது இப்படி எப்போதாவது மிதிப்பதால் அல்ல.

நெடுஞ்சாலையில் வேகமே கணக்கைத் தீர்மானிக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். ஏர்கோனைச் சேர்க்காமல் 90-இல் சுமார் 5.3 லிட்டர், 110-இல் 6.4, சட்டத்தை மீறி 140-இல் போனால் எட்டரை. பீடோரிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அதில் 140-இல் போய் மிச்சமாகும் நேரம் சுமார் 7 நிமிடம்தான். சம்மன் வந்தால் அந்தக் கணக்கு வேறு.

இனி டவுனுக்கு வருவோம். தோட்டத்து வீடுகளிலிருந்து தமிழ்ப்பள்ளி வழியாகக் கடைத்தெருவுக்கு 4 கிலோமீட்டர், நடுவில் 10 வேகத்தடை மேடுகள் என்று வைத்துக்கொள்வோம். சீராக 50-இல் ஓடினால் 4 கிலோமீட்டருக்கு 160 மில்லிலிட்டர் போதும். ஆனால் ஒவ்வொரு மேட்டுக்கும் 20-க்கு இறங்கி, மறுபடி 60-க்கு ஏறுகிறோம். 1,450 கிலோவை 20-இலிருந்து 60-க்குத் தள்ள 180 கிலோஜூல். எண்ணெயில் சொன்னால் 20 மில்லிலிட்டர். அடுத்த மேட்டில் பிரேக்கை மிதித்ததும் அது பிரேக் டிஸ்க்கின் சூடாகிவிடும். பத்து மேட்டுக்கு 200 மில்லிலிட்டர். ஓடுவதற்கு ஆகும் செலவைவிட மேட்டுக்கு ஆகும் செலவு அதிகம்.

பிறகு காலைநேரக் குளிர்ந்த இன்ஜின். நம் ஊரில் 25 டிகிரி குளிரா என்று தோன்றலாம். 90 டிகிரியில் வேலை செய்யப் படைத்த இன்ஜினுக்கு அது குளிர்தான். ஸ்டார்ட் செய்ததும், புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்க, கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தி, சுழற்சியை 1,200 வரை ஏற்றி, எண்ணெயைக் கொட்டும். தண்ணீர் நாலைந்து கிலோமீட்டரில் சூடாகும். இன்ஜின் ஆயில் சூடாக 10 கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். 4 கிலோமீட்டரில் ஓட்டம் முடிந்துவிட்டால், ஆயில் கெட்டியாகவே இருக்கும்போது வேலை முடிந்துவிடும். இதற்கு 100 மில்லிலிட்டர் வைக்கலாம். பள்ளி வாசலில் ஏர்கோனோடு 5 நிமிடம் காத்திருக்க 80. ஓடும்போது ஏர்கோனுக்கு 40. மொத்தம் 580 மில்லிலிட்டர். 100 கிலோமீட்டருக்கு 14.5 லிட்டர், லிட்டருக்கு 6.9 கிலோமீட்டர்.

இந்தப் பட்டியலில் கை வைக்கக்கூடிய இடம் மேடுகள்தான். இரண்டு மேட்டுக்கு நடுவே 60-க்குப் பதில் 45-ஓடு நிறுத்தினால், அந்த 20 மில்லிலிட்டர் பாதியாகும். மேட்டுக்கு முன்பாகவே காலை எடுத்து கியரிலேயே விட்டால், சுழற்சி 1,500-க்கு மேல் இருக்கும்வரை இன்ஜெக்டர்கள் எண்ணெயை முழுவதுமாக நிறுத்திவிடும். மூன்றாவது கியரில் 60-இலிருந்து இப்படி உருண்டால், 150 மீட்டருக்கு மேல் ஒரு சொட்டும் செலவாகாது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் நிற்காமல் ஓட எண்ணெய் வேண்டும். மிச்சம் செய்ததாக நினைத்துச் செலவழிப்பது அது.

ஐரோப்பாவில் 2017 முதல் நடக்கும், கார்களின் எண்ணெய்ச் செலவை அளக்கும் டபிள்யூஎல்டிபி சோதனையில், அடுத்து வந்த எஃப்எல்5 டைப் ஆர் 100 கிலோமீட்டருக்கு 8.2 லிட்டர் என்று பதிவானது. அந்தச் சோதனை 23 கிலோமீட்டர், 30 நிமிடம், சராசரி வேகம் 46.5. ஏர்கோன் கிடையாது. வேகத்தடை மேடும் கிடையாது. நம் 4 கிலோமீட்டர் ஓட்டத்தை அதோடு ஒப்பிட்டுக் கம்பெனிமேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை.

மலையேற்றம் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டரில் 1,400 மீட்டர் உயர்வு. ஆட்களோடு 1,600 கிலோவைத் தூக்க 22 மெகாஜூல். ஏற்றத்தில் இன்ஜின் நல்ல பாரத்தில் உழைப்பதால் திறன் 33 சதவீதம் வரும். கூடுதலாக 2 லிட்டர் எண்ணெய், அவ்வளவே. இறக்கத்தில் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், இரண்டாவது மூன்றாவது கியரில் விட்டு இறங்கினால். பிரேக்கும் பிழைக்கும்.

எண்ணெய் வகைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 30 முதல் அரசின் பூடி95 மானியத் திட்டத்தில் ரோன் 95 குடிமக்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 காசு, மாதம் 300 லிட்டர் வரை என்று தொடங்கியது. அந்த ஆண்டின் கடைசியில் ரோன் 97 மூன்று வெள்ளிக்கு மேல் விற்றது. ரோன் என்பது எண்ணெயில் உள்ள சக்தியின் அளவு அல்ல. தானாகப் பற்றிக்கொள்ளாமல் அழுத்தத்தைத் தாங்கும் அளவு. சீரான ஓட்டத்தில் இன்ஜினுக்குள் அழுத்தம் குறைவு. அங்கே 97 போட்டாலும் மைலேஜ் ஏறாது. மதிய வெயிலில் நெரிசலில் நின்று, டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறி, பிறகு மிதிக்கும்போதுதான் வித்தியாசம். 95-இல், கலவை தானாகப் பற்றும்போது எழும் தட்டலை நாக் சென்சார் கேட்டுச் சொல்ல, கணினி தீப்பொறியைத் தள்ளிப்போடும். சக்தியும் திறனும் குறையும். ஆகவே 97 போடுவது காசு மிச்சத்துக்காக அல்ல. எண்ணெய் மூடியின் உட்புறம் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் போடுங்கள். 97-க்கென்று டியூன் செய்த காரில், மலிவு என்பதற்காக 95 போடுவது இன்ஜினோடு சூதாடுவது.

மைலேஜ் திடீரென்று இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர் அல்ல. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் சோதித்தபோது, கணினிக் கட்டுப்பாடுள்ள இன்ஜின்களில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை, குறைந்தது வேகமெடுக்கும் திறன்தான். ஆயில் தடவிய பருத்தி ஃபில்டரில் ஆயிலை அளவுக்குமேல் ஊற்றினால், அது காற்றளவு சென்சாரில் படிந்து வேறு வம்பை இழுக்கும்.

நம் பக்கத்தில் அடிக்கடி அகப்படும் குற்றவாளி பிரேக். தோட்டத்துச் செம்மண் சாலையில் மழைச்சேறு தெறித்து, பின்பக்கக் கேலிப்பர், அதாவது பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிடி, முன்னும் பின்னும் நகர உதவும் வழுக்கு ஊசிகளில் காய்ந்துவிட்டால், பேட் டிஸ்க்கை விட்டு விலகாது. பிரேக்கை அதிகம் தொடாமல் 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் இடது, வலது டிஸ்க்குகளைப் பாருங்கள். ஒரு பக்கம் 30 டிகிரி கூடுதல் என்றால் அங்கே பிடிக்கிறது. ஊசியைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான கிரீஸ் மட்டும் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைக்கும். டைப் ஆரின் முன்பக்க பிரெம்போ கேலிப்பரில் வழுக்கு ஊசி இல்லை. அங்கே பிடித்தால் பிஸ்டன் சீலைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, கார் கணினியைப் படிக்கும் மலிவான ஓபிடி கருவியைச் செருகி நீண்டகால எண்ணெய்த் திருத்தத்தை, அதாவது கணினி வழக்கமான அளவைவிட எத்தனை சதவீதம் எண்ணெயைக் கூட்டிக் குறைக்கிறது என்பதைப் படியுங்கள். கூட்டலிலோ கழித்தலிலோ 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. கார் நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது +12, 2,500 சுழற்சியில் +3 என்றால் எங்கோ வெற்றிடக் கசிவு, அதாவது சென்சார் எண்ணாத காற்று உள்ளே நுழைகிறது. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ இன்ஜினில், உள்ளே சேரும் ஆவியை வெளியே விடும் பிசிவி வால்வின் ரப்பர் சவ்வு கிழிவது பேர்போன கோளாறு. விசில் சத்தம் வரும், ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்க முடியாதபடி உள்ளே இழுக்கும். டர்போவுக்குப் பிந்திய குழாயில் விரிசல் என்றால் வேறு கதை: சென்சார் எண்ணிய காற்று வழியிலேயே வெளியேறிவிட, எண்ணெய் மட்டும் முழுதாக வந்து புகைக்குழாயில் கரி படியும்.

பழைய புரோட்டோன் சத்ரியா, வீராக்களில் சூடு ஏறுகிறது என்று, தண்ணீரின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் பழக்கம் உண்டு. இன்ஜின் 70 டிகிரியிலேயே கிடக்கும். இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கணினி எண்ணெயைக் கூட்டிக்கொண்டே இருக்கும். புது தெர்மோஸ்டாட் போட்டு, சூடு ஏறியதற்கான உண்மைக் காரணத்தைத் தேடுவதே வழி. டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன் பாருங்கள். எண்ணெய் நிலையக் கருவி கிலோபாஸ்கலில் காட்டும். 230 என்றால் 33 பிஎஸ்ஐ. ஓடிச் சூடான டயர் 4 பிஎஸ்ஐ வரை கூட்டிக் காட்டும், அதை நம்பி இறக்கிவிடாதீர்கள்.

இதையெல்லாம் செய்து பலன் தெரிகிறதா என்று அறிய, டாஷ்போர்டு எண்ணை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் கொஞ்சம் புகழ்ந்தே பேசும். பம்ப் முதல் முறை தானாக நிற்கும்வரை நிரப்பி, மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். அதற்குமேல் குலுக்கிக் குலுக்கி ஊற்றினால் ஆவியைப் பிடிக்கும் கரிப் பெட்டிக்குள் எண்ணெய் போய் அது கெடும். அடுத்த முறையும் அதே நிலையம், அதே பம்ப். நிற்கும் இடம் ஒரு லிட்டர் முன்பின் ஆனால், 40 லிட்டரில் 2.5 சதவீதப் பிழை. மூன்று டாங்க்கைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு சதவீதத்துக்குள் அடங்கும். டயர் அளவு மாற்றியவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். எஃப்கே8-இன் 245/30 ஆர்20 டயரை 265/35 ஆர்18 ஆக மாற்றினால், விட்டம் 655 மில்லிமீட்டரிலிருந்து 643-க்கு இறங்கும். சக்கரம் அதிகம் சுற்றும், மீட்டரும் அதிகம் காட்டும். மீட்டரில் 500 கிலோமீட்டர் என்றால், ரோட்டில் ஓடியது 490 சொச்சம்தான். 40 லிட்டர் போட்டிருந்தால், லிட்டருக்கு 12.5 கிலோமீட்டர் அல்ல, 12.3.