பழைய ரேஸ் சைக்கிளை ஃபிக்ஸியா மாத்துறவங்க தயவுசெஞ்சு முன்பிரேக்கைக் கழட்டாதீங்க

போன வாரம் ஒரு தம்பி சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாரு, இன்னொரு கையில மாவுக்கட்டு. இதே மாதிரி என்கிட்ட வர்றது இது நாலாவது வண்டி, அதனாலதான் வேலையெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு இதை எழுதுறேன்.

வண்டி 1970கள்ல வந்த ரேஸ் ஃப்ரேம், ரெய்னால்ட்ஸ் 531ங்கற எஃகுக் குழாய், லக்னு சொல்ற மூட்டு உறை வச்சு பிரேஸிங் பண்ணினது, இன்னிக்கும் தட்டினா மணி மாதிரி சத்தம் வருது. கியர், டெரெய்லர் (செயினைத் தள்ளி கியர் மாத்துற சாமான்), ரெண்டு பிரேக்கு எல்லாத்தையும் கழட்டிட்டு பின்சக்கரத்துல ஒரே ஒரு ஃபிக்ஸட் பல்லு, அதாவது ஃப்ரீவீல் இல்லாத பல்சக்கரம், மாட்டியிருந்தாரு. அதுதான் ஃபிக்ஸி, சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் கூடவே சுத்தும். என்னாச்சு தம்பின்னு கேட்டேன். "இறக்கத்துல வேகத்தைக் குறைக்க பெடலைப் பின்னால அமுக்கினேன் அண்ணா, திடீர்னு காலுக்கு ஒண்ணுமே அகப்படல, பெடல் சும்மா சுத்துச்சு"ன்னாரு. சக்கரத்தைக் கழட்டிப் பார்த்தேன். பல்லு ரெண்டு விரல்ல திருப்பினதுக்கே கழண்டு வந்துச்சு. மரை முழுக்க, மரை கழலாம இருக்கப் போடுற செவப்புப் பசை பொருக்கு பொருக்கா ஒட்டியிருந்துச்சு, ஹப்போட (சக்கரத்தோட நடு உருளை) அலுமினிய மரை மழுங்கி ஒரு பக்கமா சாஞ்சு கிடந்துச்சு. "லாக்ரிங் போட்டுத்தான் அண்ணா இருந்தேன், பசையும் போட்டேன், வீடியோல அப்படித்தான் பண்ணாங்க"ங்கறாரு.

அந்த லாக்ரிங், அதாவது பல்லு கழலாம பூட்டுற வளையம், எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா, பாட்டம் பிராக்கெட்லேர்ந்து (பெடலோட அச்சு சுத்துற இடம்) கழட்டினது. நாலு பேருமே இதைத்தான் பண்ணியிருக்காங்க.

கொஞ்சம் பொறுமையா கேளுங்க. பழைய ரேஸ் வண்டியோட ஃப்ரீவீல் ஹப்புல ஒரே ஒரு மரைதான் இருக்கும், 1.37 இஞ்ச், இஞ்சுக்கு 24 மரை, வலது பக்கம் திருப்பினா இறுகும். நீங்க மிதிக்க மிதிக்க அது இறுகிக்கிட்டே போகும். பின்னால மிதிச்சா ஃப்ரீவீல் டிக் டிக்னு சும்மா சுத்திரும், அதனால அந்த மரைய கழட்டுற பக்கமா எந்தச் சுமையும் வராது, அந்தச் சுமைக்காக அந்த ஹப்பைச் செய்யவும் இல்ல. ஃபிக்ஸட் பல்லுக்குன்னே செஞ்ச டிராக் ஹப் வேற. அதுல ரெண்டு படி இருக்கும், உள்படியில பல்லு, வெளிப்படி கொஞ்சம் சின்னது, 1.29 இஞ்ச், அது எதிர் மரை. பல்லு கழலப் பார்த்தா லாக்ரிங்கையும் சேர்த்து இழுக்கும், எதிர் மரைங்கறதால லாக்ரிங் அந்தப் பக்கம் இறுகும், பல்லு நகர முடியாது. பாட்டம் பிராக்கெட் லாக்ரிங்குக்கும் பல்லுக்கும் ஒரே திசை மரை, அதனால பல்லு கழண்டா அதுவும் கூடவே கழண்டு வரும், அவ்வளவுதான். ஐம்பது வருஷமா கிரீஸ் ஊறின மரையில பசை எவ்வளவு பிடிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. பிரெஞ்சு வண்டின்னா இன்னும் மோசம், அதுல மரை 34.7 மில்லிமீட்டர், இங்கிலீஷ் பல்லு ஏறுற மாதிரியே ஏறும், பாதியில மரையைத் தின்னுரும்.

இப்ப எனக்கு உண்மையிலேயே கோவம் வர்ற விஷயத்துக்கு வர்றேன். "கால் இருக்கும்போது பிரேக் எதுக்கு அண்ணா?" இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. கால்ல நிறுத்துறதுன்னா பின்சக்கரத்துல மட்டும் நிறுத்துறது. வண்டி வேகம் குறையும்போது உங்க எடை முன்னால போகும், பின்சக்கரம் லேசாகும், லேசான சக்கரம் ரோட்டைப் பிடிக்காது, வழுக்கும். நீங்க எவ்வளவு பலசாலியா இருந்தாலும் சரி, தொடை எவ்வளவு பெருசா இருந்தாலும் சரி, டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற பிடிக்கு மேல உங்களால நிறுத்த முடியாது. 30 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப காஞ்ச ரோட்டுல நல்ல முன்பிரேக் இருந்தா சுமார் 7 மீட்டர்ல நிக்கலாம், பின்சக்கரத்தை மட்டும் நம்பினா சுமார் 14 மீட்டர், ரெண்டுலயும் நீங்க சுதாரிக்கிற நேரத்தைச் சேர்க்கல. அந்த மிச்ச 7 மீட்டர்ல ஒரு கார் கதவு திறக்கலாம், ஒரு குழந்தை குறுக்க வரலாம். அது மட்டுமில்ல, ஸ்கிட் அடிச்சு, அதாவது பெடலை அசையாம பிடிச்சு பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, நிறுத்துறதுதான் ஸ்டைல்னு சொல்றாங்களே, அதுல வழுக்குற டயரோட பிடி இன்னும் குறையத்தான் செய்யும், ஸ்கிட் நீளமா விழுந்துச்சுன்னா நல்லா நிறுத்தினோம்னு அர்த்தம் இல்ல, நிறுத்த முடியலன்னு அர்த்தம்.

டிராக் ரேஸ்ல பிரேக் இல்லாமத்தானே ஓட்றாங்கன்னு கேப்பீங்க. அங்க எல்லாரும் ஒரே திசையில போறாங்க, சிக்னல் இல்ல, குறுக்க யாரும் வரமாட்டாங்க, ஒருத்தர் சடார்னு பிரேக் பிடிச்சா பின்னால வர்றவர்தான் விழுவாரு, அதனால பிரேக் இல்ல. பழைய காலத்து ரோடு ரேஸையும் சிலர் இழுப்பாங்க. டூர் டி பிரான்ஸ்ல டெரெய்லருக்கு அனுமதி கிடைச்சதே 1937-லதான், அதுக்கு முன்னால மலை அடிவாரத்துல இறங்கி சக்கரத்தைக் கழட்டித் திருப்பி மாட்டி வேற பல்லுல ஏறினாங்க, உண்மைதான், ஆனா மலை இறங்குறப்ப பிரேக்கைப் பிடிச்சுத்தான் இறங்கினாங்க. பிரிட்டன்ல 1983-ல போட்ட விதி ஃபிக்ஸட் சக்கரத்தைப் பின்பிரேக்கா ஏத்துக்குது, ஆனா முன்பிரேக் கட்டாயம். 2016-ல லண்டன்ல முன்பிரேக் இல்லாத ஃபிக்ஸி மோதி ரோட்டைக் கடந்த ஒரு அம்மா செத்துப் போனாங்க, ஓட்டின பையன் அடுத்த வருஷம் ஜெயிலுக்குப் போனான், 18 மாசத் தண்டனை. அந்தக் குடும்பத்தை நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கனக்குது.

உங்க கையில இருக்கிறது ரோடு ஃப்ரேம், அதோட ஃபோர்க்ல பிரேக் மாட்டுற ஓட்டை ஏற்கனவே இருக்கு. ஒரு காலிப்பர் (ரிம்மைக் கவ்வுற பிரேக்), ஒரு லீவர், ஒரு கேபிள், முடிஞ்சது வேலை. 27 இஞ்ச் சக்கரத்தை எடுத்துட்டு 700சி அளவு சக்கரம் போடுறீங்கன்னா ரிம் 4 மில்லிமீட்டர் கீழ போயிரும், பிரேக் கட்டை அது வரைக்கும் எட்டுதான்னு பாருங்க, எட்டலன்னா நீளக் கை வச்ச காலிப்பர் வாங்குங்க, கட்டை டயரைத் தேய்ச்சா டயர் கிழிஞ்சிரும்.

மத்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். பின்சக்கரம் உக்காருற டிராப்அவுட் செங்குத்தா இருந்தா அந்த ஃப்ரேமை விட்ருங்க, செயினை இறுக்க வழி இல்ல, படுத்த மாதிரி நீட்டமா இருக்கணும். டிராக் ஹப் 120 மில்லிமீட்டர் அகலம், ஆறு ஏழு கியர் ஃப்ரேம்னா 126 இருக்கும், ரெண்டு பக்கமும் வாஷர் போட்டுச் சரிபண்ணுங்க, நட்டை முறுக்கி ஃப்ரேமை வளைக்காதீங்க. செயின் நடுவுல மேலயும் கீழயும் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் ஆடலாம், அதுக்கு மேல வேணாம். முன்பல்லும் பின்பல்லும் ஒரே கோட்டுல இருக்கணும். கிராங்க் (பெடல் மாட்டுற கை) 165 மில்லிமீட்டர் போடுங்க, ஏன்னா வளைவுலயும் பெடல் நிக்காம சுத்தும், ரோடு ஃப்ரேம்ல பாட்டம் பிராக்கெட் தாழ்வு, பெடல் தரையில இடிச்சா பின்சக்கரமே தூக்கிரும். முன்னால 48 பல்லுக்குப் பின்னால 16 போட்டா விகிதம் சரியா 3, ஒவ்வொரு ஸ்கிட்டும் டயர்ல ஒரே இடத்துல விழுந்து அந்த இடம் மட்டும் தேஞ்சு நூல் தெரியும், 17 போட்டீங்கன்னா 17 இடத்துல பிரிஞ்சு விழும். பழைய அலுமினிய ஹேண்டில்பாரையும் அதைப் பிடிச்சிருக்கிற ஸ்டெம்மையும் கழட்டித் துடைச்சு விரிசல் இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க.

அப்புறம் விரல். ஸ்டாண்டுல வண்டியை நிறுத்தி சக்கரத்தைச் சுத்தவிட்டு ஓடுற செயின்ல துணி வச்சு துடைக்காதீங்க. ஃப்ரீவீல் வண்டியில துணி சிக்கினா செயின் நின்னுரும், சக்கரம் தனியா சுத்தும். ஃபிக்ஸட்ல சுத்துற சக்கரத்தோட வேகம் முழுக்க செயினை இழுக்கும், துணி போற இடத்துக்கு விரலும் போகும். நுனி விரல் இல்லாத ஒருத்தரை எனக்கு நேர்ல தெரியும், நல்ல மெக்கானிக், ஒரு நொடிதான். சக்கரத்தை நிறுத்துங்க, கீழ்ச் செயினைத் துடைங்க, கொஞ்சம் நகர்த்துங்க, மறுபடி நிறுத்தித் துடைங்க.

இன்னொண்ணு கெஞ்சிக் கேக்குறேன், ஃப்ரேம்ல அரத்தை வைக்காதீங்க. டெரெய்லர் மாட்டுற காதை அறுத்து, கேபிள் கொக்கியெல்லாம் ராவி எடுத்து, சுத்தமா இருக்குன்னு பெயின்ட் அடிச்சுக் கொண்டு வர்றாங்க. ஃபிக்ஸிக்கு அது தேவையில்லதான், ஆனா அது அங்க இருக்கிறதால ஒரு இடைஞ்சலும் இல்ல. மெல்லிசு குழாய், ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத இடம் இருக்கு, அரம் ஒரு இழுப்பு கூடப் போனா அந்த இடத்துல பிற்பாடு விரிசல் விடும். கழட்டின சாமானை எல்லாம் ஒரு பெட்டியில போட்டு வைங்க.

அந்தத் தம்பி வண்டி இப்ப என்கிட்டதான் இருக்கு. அந்த ஹப்பு இனி எதுக்கும் ஆகாது, புதுசா டிராக் ஹப் வச்சு அதே ரிம்முல ஸ்போக் கட்டிக்கிட்டு இருக்கேன், முன்னால காலிப்பர் மாட்டியாச்சு. "கட்டு பிரிக்கிற வரைக்கும் லீவரைப் பிடிக்க முடியாதே அண்ணா"ன்னு போன்ல கேட்டாரு. அப்ப கட்டு பிரிச்சதுக்கப்புறம் வந்து எடுத்துக்கோ தம்பி, வண்டி இங்கயே இருக்கட்டும்னு சொல்லியிருக்கேன்.